பத்துப் பேர் வேலை செய்யும் லேத் பட்டறைக்கு மேலாண்மை முறை தேவையா?

லேத் பட்டறையில் பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர நிர்ணயம்) மாதிரி ஒரு முறையைக் கொண்டுவந்தால் பலன் இருக்குமா, இல்லை வெறும் பேப்பர் வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பலன் இருக்கிறதுங்க. கோவை கணபதியில் எங்கள் பட்டறையும் ஏறக்குறைய அதே அளவுதான். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் (சுழலும் தண்டு) ஓட்டித் தருகிறோம். ஆட்கள் எல்லோருக்கும் வேலை அத்துப்படி. ஆனால் எழுத்தில் ஒன்றுமே கிடையாது. சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின்) செட்டிங் முழுக்க ஒரு தம்பியின் தலைக்குள் இருந்தது. அவர் ஊர் மாரியம்மன் நோம்பிக்குப் போனால் அந்த வாரம் முழுக்க போனில்தான் பட்டறை ஓடும்.

நாங்கள் ஆரம்பித்தது ஒரே ஒரு அட்டையில். ஒவ்வொரு டிரேயோடும் அது கூடவே போகும். எந்த டிராயிங், அதில் எத்தனையாவது திருத்தம், யார் ஓட்டினார், எத்தனை மணிக்கு, இன்சர்ட் (வெட்டும் முனை) எப்போது மாற்றினார், எத்தனை ரிஜெக்‌ஷன், எதனால். அவ்வளவுதான். ஓட்டுகிறவரே எழுத வேண்டும், நான் எழுதக் கூடாது.

முதல் இரண்டு வாரம் ரிஜெக்‌ஷன் கட்டத்தில் எல்லோரும் சைபர் போட்டார்கள். சம்பளத்தில் பிடித்துவிடுவேனோ என்ற பயம். "தப்பை எழுதினால் பத்துப் பைசா பிடிக்க மாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, சனிக்கிழமைச் சம்பளத்தில் அதைக் காட்டிய பிறகுதான் உண்மையான எண் வந்தது. உங்களுக்கு நான் சொல்வதில் முக்கியமானது இதுதான். இந்த நம்பிக்கை வராமல் எந்த முறையைக் கொண்டுவந்தாலும் பொய்க் கணக்குதான் சேரும்.

அந்த அட்டைகள் என்ன செய்தன என்று ஒன்று சொல்கிறேன். 20 மில்லிமீட்டர் ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் 20.002-க்கும் 20.015-க்கும் நடுவில் இருக்க வேண்டும். சைஸ் கூடினால் இன்னொரு தடவை ஓட்டிச் சரி செய்யலாம், குறைந்தால் ஸ்கிராப். எங்களுக்குக் குறைந்துகொண்டே இருந்தது. ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று பல மாதம் ஒருவரையே திட்டியிருக்கிறேன். ஒரு மாத அட்டைகளை மேஜையில் பரப்பிப் பார்த்தால், மதியம் 3 மணிக்கு மேல் யார் ஓட்டினாலும் அதே கோளாறு. காலையில் பத்து நிமிடம் எல்லோரும் நின்று பேசும்போது இதைக் கேட்டேன். அதே ஆபரேட்டர்தான் சொன்னார்: "அண்ணா, மத்தியானத்துக்கு மேல கூலண்ட் குறைஞ்சிருதுங்க. பீஸ் கையில புடிக்க முடியாத அளவு சுடுது, அந்தச் சூட்டுலயே அளந்து போட்டுடறோம்."

கூலண்ட் என்பது ஓட்டும்போது சூட்டைத் தணிக்க ஊற்றும் திரவம். இரும்பு சூட்டில் விரியும். 30 டிகிரி அதிகச் சூட்டில் அளந்த 20 மில்லி ஷாஃப்ட் ஆறினதும் 7 மைக்ரான் (0.007 மில்லிமீட்டர்) அளவுக்குச் சுருங்கிவிடும். சுடச்சுட 20.006 காட்டியது, ஆறின பிறகு 19.999. அதற்கப்புறம் காலையிலும் மதியச் சாப்பாடு முடிந்ததும் கூலண்ட் பார்த்து ஊற்ற ஒரு ஆளின் பெயரைப் போட்டோம். பீஸ் ஆறாமல் மைக்ரோமீட்டர் வைக்கக் கூடாது என்றும் முடிவு செய்தோம். ஒரு ரூபாய்கூடச் செலவு இல்லாமல் அந்தக் கோளாறு நின்றது. திட்டு வாங்கியவரிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன்.

அப்புறம் செட்டிங் ஷீட். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் டூல், ஆஃப்செட் (டூல் அளவுக்கான திருத்தம்), ஸ்பீடு எல்லாம் எழுதி மெஷினிலேயே மாட்டியிருக்கிறோம். இப்போது தம்பி நிம்மதியாக நோம்பி கொண்டாடிவிட்டு வருகிறார்.

பில் பாக்கிக்கும் ஒரு நோட்டு வையுங்கள். 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும், ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள்தான். உத்யம் பதிவு (இந்தச் சட்டத்துக்கான அரசுப் பதிவு) அவசியம் செய்துவிடுங்கள். தேதியோடு கேட்டால் மரியாதையாகவே பதில் வருகிறது.

சர்டிபிகேட்டை, பெரிய கஸ்டமர் கேட்கும்போது எடுத்துக்கொள்ளலாம். ஐஎஸ்ஓ 9001-இன் 2015 பதிப்பில் தரக் கையேடு என்ற தடித்த புத்தகம் கட்டாயமில்லை. ஆடிட்டர் வந்தால் முக்கியமாகப் பார்ப்பது, சொன்னபடி செய்கிறீர்களா, அதற்குப் பதிவு இருக்கிறதா என்பதைத்தான். சாஃப்ட்வேரும் இப்போதைக்கு வேண்டாம். அதிகம் ஸ்கிராப் ஆகிற ஐட்டம் ஒன்றை எடுத்து, நாளைக் காலையிலேயே அந்த டிரேயில் ஒரு அட்டையை வையுங்கள்.