கர்ப்ப காலத்தில் காதில் நீர் கோர்த்ததுபோல் அடைப்பும் அழுத்தமும்: எப்படிக் குறைப்பது?

கேள்வி: 27-ஆவது வாரம். பத்து நாளாக இரண்டு காதும் தண்ணீருக்குள் இருப்பதுபோல் அடைத்திருக்கிறது. எச்சில் விழுங்கினால் ‘டிக்’ என்று சத்தம் வருகிறது. வலியோ காய்ச்சலோ இல்லை. சளி மாத்திரை போட பயம். காதில் எண்ணெய் காய்ச்சி விடலாமா?

பதில்:

எண்ணெய் வேண்டாம். எவ்வளவு விட்டாலும் அது போக வேண்டிய இடத்துக்குப் போகாது. காதுத் துளைக்குள் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் உள்ளே செவிப்பறை, மூடிய கதவுபோல் நிற்கிறது. நீங்கள் சொல்லும் அடைப்பு அதற்கு அந்தப் பக்கம், நடுக்காதில் இருக்கிறது. நடுக்காதுக்கு வாசல் காதுப் பக்கம் கிடையாது, மூக்கின் பின்புறத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து நடுக்காதுவரை போகிற மூன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள வழிக்கு யூஸ்டேஷியன் குழாய் என்று பெயர். காது திறக்க வேண்டுமானால் மூக்கைத்தான் கவனிக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே இதை ஒட்டித்தான்.

அந்தக் குழாய் சாதாரணமாக மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்துத் தசை இழுத்து ஒரு நொடிக்கும் குறைவாகத் திறந்து மூடும். உங்களுக்குக் கேட்கிற ‘டிக்’ அதுதான். குழாய் இன்னும் முயற்சி செய்கிறது என்று அர்த்தம், நல்ல அறிகுறி. நடுக்காதின் உள்தோல் அங்குள்ள காற்றை ஓயாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குழாய் திறந்து புதுக்காற்று வராவிட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து செவிப்பறை உள்வாங்கும். முதலில் தெரியும் கனம் இதனால்தான். அதுவே நாள்கணக்கில் நீடித்தால் உள்தோலிலிருந்து நீர் கசிந்து தேங்கும்.

கர்ப்பத்தில் உடலின் இரத்த அளவு கிட்டத்தட்ட பாதி மடங்கு கூடுகிறது. ஈஸ்ட்ரோஜென் என்ற ஹார்மோன் மூக்கின் உள்தோலை வீங்க வைக்கிறது. குழாயின் வாயும் அதே தோலால் ஆனது, அதனால் மூக்கோடு சேர்ந்து அதுவும் வீங்குகிறது. சளிக் கிருமியோ அலர்ஜியோ இல்லாமல் ஆறு வாரத்துக்கு மேல் மூக்கடைப்பு இருந்து, பிரசவமான இரண்டு வாரத்துக்குள் போய்விட்டால் அதைக் கர்ப்பகால மூக்கடைப்பு என்பார்கள். ‘சளி இல்லை, ஆனால் மூக்கு எப்போதும் ஒரு மாதிரி அடைத்தே இருக்கிறது’ என்று பலர் சொல்வது இதைத்தான். கால் வீக்கத்தில் தேங்கும் நீர் வேறு, இது வேறு. ‘உடம்பில் நீர் சேர்ந்துவிட்டது’ என்று நினைத்துத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். உடல் வறண்டால் சளி கெட்டியாகி அடைப்பு கூடும்.

எதையும் தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இதே ‘காது அடைத்த’ உணர்வு நேர் எதிரான காரணத்தாலும் வரும்: குழாய் மூடாமல் திறந்தே கிடப்பது. அப்போது உங்கள் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் காதுக்குள் முழங்கும். மூச்சு விடும் ‘உஸ்’ சத்தம்கூடக் காதில் கேட்கும். ஒருக்களித்துப் படுத்தாலோ தலையைத் தாழ்த்தினாலோ ஓரிரு நிமிடத்தில் குறைந்து, எழுந்து நடந்தால் திரும்ப வரும். வாந்தியால் எடை குறைந்தவர்களுக்கு இது வரலாம், ஏனென்றால் குழாயை ஒட்டியிருக்கும் கொழுப்பு மெலிந்துவிடுகிறது. இவர்கள் காதைத் ‘திறக்கும்’ பயிற்சி எதுவும் செய்யக் கூடாது. மூக்கடைப்பு நீக்கும் மருந்து நிலைமையை மோசமாக்கும். நிறையத் தண்ணீர், மூக்கில் உப்புநீர்ச் சொட்டு, சத்தம் தாங்கவில்லை என்றால் கொஞ்ச நேரம் படுப்பது, இவை போதும். மூக்கை உறிஞ்சினால் சட்டென்று நின்றுவிடும் என்று பலர் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் வேண்டாம். ஒவ்வொரு உறிஞ்சலும் நடுக்காதிலிருந்து காற்றை இழுத்து, செவிப்பறையை உள்ளே வாங்க வைக்கும்.

ஒரு காதில் மட்டும் அடைப்பு என்றால் இன்னொரு சோதனை. வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். சத்தம் அடைத்த காதுப் பக்கம் பெரிதாகக் கேட்டால் நீரோ காதழுக்கோ வழியை மறிக்கிறது, அவசரமில்லை. நல்ல காதுப் பக்கம் ஒதுங்கிக் கேட்டு, அடைத்த காதில் கேட்கும் திறனும் திடீரென்று குறைந்திருந்தால் அது உள்காது நரம்புச் சிக்கலாக இருக்கலாம். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். அந்தச் செவித்திறன் இழப்புக்கான சிகிச்சை தள்ளித் தள்ளிப் போடப் பலன் குறைந்துகொண்டே போகும்.

உங்கள் விவரத்தைப் பார்த்தால் குழாய் வீங்கி மூடியிருப்பதாகத்தான் தோன்றுகிறது. அதற்கு நான் முதலில் சொல்வது உப்புநீரால் மூக்கைக் கழுவுவது. மருந்தில்லை, குழந்தைக்கு எதுவும் போகாது. சரியாகச் செய்தால் குழாய் வாயில் ஒட்டியிருக்கும் சளி கழுவப்பட்டுப் போகும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்து, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள் (கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம்). மூடி வைத்து வெதுவெதுப்பாக ஆற விடுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடவே கூடாது. குடிக்கும்போது வயிற்று அமிலம் கிருமியைக் கொல்லும், மூக்கில் அந்தக் காவல் இல்லை. நெக்லேரியா என்ற அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து. அரிது என்றாலும் ஒரு நிமிடக் கொதிப்பு அதைத் தடுத்துவிடும். 240 மில்லி தண்ணீருக்கு அயோடின் கலக்காத உப்பு அரை டீஸ்பூன், தலை தட்டியது. எரிச்சல் குறைய சமையல் சோடா ஒரு சிட்டிகை. உப்பே போடாத வெறும் தண்ணீர் மூக்கில் சுரீரென்று எரியும், உள்தோலையும் வீங்க வைக்கும். ‘ஒருமுறை செய்தேன், தாங்க முடியவில்லை’ என்பவர்களில் பலர் உப்பைக் குறைத்தவர்கள்தான்.

அழுத்திப் பீய்ச்சும் மென்மையான பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். வாஷ்பேசின் மேல் லேசாகக் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி ‘ஆ’ என்று சொல்லிக்கொண்டே மேல்பக்க மூக்குத்துளையில் மெதுவாகச் செலுத்துங்கள். அடுத்த துளை வழியாக ஒழுகி வரும். பக்கத்துக்கு 120 மில்லி. இதில் வழக்கமாக நடக்கும் தவறு இரண்டு. வேகமாகப் பீய்ச்சுவது ஒன்று. தண்ணீர் ஓடும்போது எச்சில் விழுங்குவது மற்றொன்று. விழுங்கினால் குழாய் திறக்கும், நீர் நேராகக் காதுக்குள் போகும். காதில் ‘கும்’ என்று அழுத்தம் தெரிந்தால் நிறுத்திவிட்டு, இன்னும் மெதுவாகச் செய்யுங்கள். இரண்டு துளையும் முற்றாக அடைத்திருக்கும் நேரத்தில் செய்யாதீர்கள், தண்ணீருக்கு வெளியேற வழி இருக்காது. வெதுவெதுப்பான நீரில் குளித்துவிட்டு, உப்புநீர் ஸ்ப்ரே இரண்டு அடி அடித்து, பத்து நிமிடம் பொறுத்துக் கழுவலாம்.

கழுவியதும் குனிந்தபடி தலையை இரு பக்கமும் திருப்பி, மிச்சத்தை வடிய விடுங்கள். பிறகு இரண்டு துளையும் திறந்திருக்க மெல்லச் சிந்துங்கள். மூக்கை இறுகப் பிடித்துச் சிந்தினால் சளியைக் காதுக்குள் தள்ளியதுபோல் ஆகும். காலையில் ஒருமுறை, படுக்க ஒரு மணி நேரம் முன்பு ஒருமுறை போதும். குனிந்தால் தலை சுற்றினால் உட்கார்ந்து செய்யுங்கள்.

மூக்கு கொஞ்சம் திறந்த பிறகே காதுப் பயிற்சி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: அடைத்த மூக்கைப் பிடித்துக்கொண்டு முகம் சிவக்க ஊதுகிறார்கள். அழுத்தம் கூடக் கூடக் குழாய் இன்னும் இறுகும். கர்ப்பத்தில் அப்படி மூச்சடக்கி முக்குவது இரத்த அழுத்தத்தையும் ஏற்றி இறக்கும், உள்காதின் மெல்லிய சவ்வுக்கும் நல்லதல்ல. மென்மையான வழி இருக்கிறது. வாயில் ஒரு மிடறு தண்ணீர் வைத்து, மூக்கை இரு விரலால் மூடி, விழுங்குங்கள். அவ்வளவுதான். ஒரு தடவைக்கு மூன்று முறை, நாளில் ஐந்தாறு தடவை. இதிலேயே பலருக்குத் திறக்கும். திறக்காவிட்டால் கீழ்த்தாடையை முன்னே தள்ளி வாய் நிறையக் கொட்டாவி விடுங்கள். கடைசியாக, மூக்கை மூடி, சூடான பாலை ஊதி ஆற்றும் அளவுக்கு மட்டும், இரண்டு நொடி ஊதலாம். மஞ்சள், பச்சைச் சளி இருக்கும் நாள்களில் இந்தக் கடைசி வழி வேண்டாம், கிருமி மேலே போகும். சூயிங் கம் மெல்லுவதும் உதவும், அடிக்கடி விழுங்க வைக்கும்.

இரவில் அடைப்பு கூடுவது இயல்பு, படுத்தால் மூக்கில் இரத்தம் தேங்கும். தலையணையை மட்டும் அடுக்கினால் கழுத்துதான் மடங்கும். தோள் முதல் சாய்வாக உயரும்படி அடியில் முட்டுக் கொடுங்கள். 28 வாரத்துக்குப் பிறகு எப்படியும் ஒருக்களித்துத்தான் தூங்கச் சொல்வார்கள், அதிகம் அடைக்கும் காது மேலே இருக்கட்டும். மூக்கின் மேல் ஒட்டும் பட்டை துளையை விரித்துத் தரும், பாதுகாப்பானது. நெஞ்செரிச்சல் இருந்தால் இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். மேலேறும் அமிலம் குழாய் வாயையும் அரிக்கலாம். அரைமணி நடை மூக்கைத் திறக்கும், நடக்கும்போது மூக்கின் இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. புதிதாகக் குறட்டை தொடங்கியிருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள், அது இரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ளது.

மருந்தைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. கடையில் கிடைக்கும் சளி மாத்திரைகள் பெரும்பாலும் கலவை. அட்டையின் பின்புறம் படியுங்கள். சூடோஎபெட்ரின், ஃபினைலெஃப்ரின் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். முதல் மூன்று மாதத்தில் தவிர்க்கச் சொல்வார்கள், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு எப்போதுமே ஆகாது. ஆக்ஸிமெட்டஸோலின், ஸைலோமெட்டஸோலின் சொட்டு உடனே திறக்கும், ஆனால் மூன்று நாளைத் தாண்டினால் விட்டவுடன் முன்னைவிட மோசமாக அடைக்கும். உங்கள் அடைப்போ வாரக்கணக்கில் இருக்கப்போவது, கணக்கு ஒத்துவராது. தும்மல், அரிப்பு, கண்ணில் நீர் என்று அலர்ஜி அறிகுறி இருந்தால் புடெசோனைட் ஸ்ப்ரே மருத்துவர்கள் கர்ப்பத்தில் தயங்காமல் தரும் ஒன்று. வலது கையால் இடது துளை, இடது கையால் வலது துளை என்று, முனையைக் காதுப் பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும். நடுச்சுவரில் அடித்தால் இரத்தம் கசியும். அலர்ஜி இல்லாத வெறும் கர்ப்பகால அடைப்புக்கு அதில் பெரிய பலன் எதிர்பார்க்காதீர்கள். வலி வந்தால் பாராசிட்டமால், மருத்துவர் சொன்ன அளவில், தேவைப்படும் நாள் மட்டும். இப்யூபுரோஃபென் வகை வேண்டாம், 20 வாரத்துக்குப் பிறகு அது குழந்தையின் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம்.

காதுமெழுகுவர்த்தி (காதில் வைத்துக் கொளுத்தும் மெழுகுக் குழல்), பட்ஸ் இரண்டும் வேண்டாம். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் போர்வை மூடி ஆவி பிடிப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. பெரிய வயிற்றோடு குனிந்து, பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் அபாயத்துக்கு ஈடான பலன் அதில் இல்லை. வெந்நீர்க் குளியலறையில் கதவை மூடிப் பத்து நிமிடம் நின்றாலே போதும்.

விமானப் பயணம் இருந்தால் வலி வருவது ஏறும்போதல்ல, இறங்கும்போது. இறங்கத் தொடங்கும்போதே விழித்திருந்து, வலிக்கும் முன்பே மிடறு மிடறாகத் தண்ணீர் விழுங்கிக்கொண்டு வாருங்கள். வலித்த பிறகு தொடங்கினால் குழாய் ஏற்கெனவே இறுகியிருக்கும்.

38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், காதிலிருந்து சீழ் அல்லது இரத்தம், காதுக்குப் பின்னால் வீக்கம், சுழலும் தலைச்சுற்று, முகம் ஒரு பக்கம் கோணுவது: இவற்றில் எதுவானாலும் காத்திருக்காதீர்கள். காதில் நாடித்துடிப்பு கேட்பதோடு கடும் தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, முகம் கை வீக்கம் சேர்ந்தால் இது காதுப் பிரச்சினையே அல்ல. 20 வாரத்துக்குப் பிறகு வரும் உயர் இரத்த அழுத்த நோயாக இருக்கலாம். இந்த அறிகுறிகள் சேர்ந்தாலோ, இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ உடனே மகப்பேறு மருத்துவமனைக்குப் போங்கள்.

இவை எதுவும் இல்லை என்றாலும், மூன்று வாரம் மூக்கைக் கழுவியும் மாற்றமில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். காதழுக்கா என்று முதலில் பார்ப்பார். பிறகு டிம்பனோமெட்ரி: காதில் ரப்பர் முனை வைத்து அழுத்தத்தை மாற்றிச் செவிப்பறை அசைகிறதா என்று சில நொடியில் அளக்கும் சோதனை, கதிர்வீச்சு கிடையாது. அதில் வரும் வரைபடத்தில் கோடு தட்டையாக வந்தால் நீர் தேங்கியிருக்கிறது. சிகரம் இருந்து ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் அழுத்தம் மட்டும்தான். இந்த வேறுபாடு முக்கியம்: அழுத்தம் சில நாளில் சரியாகும், தேங்கிய நீர் உறிஞ்சப்பட வாரங்கள் ஆகும், சிலருக்கு மூன்று மாதம்வரை. ஆகவே நாலு நாள் கழுவிவிட்டுப் பலனில்லை என்று விட்டுவிடாதீர்கள். செவிப்பறையில் கீறி நீர் எடுப்பது பெரும்பாலும் தேவைப்படாது, பிரசவம்வரை பொறுத்திருப்பார்கள். பிரசவமாகி ஆறு வாரம் கழித்தும் அடைப்பு இருந்தால், அதிலும் ஒரு காதில் மட்டும் இருந்தால், இனி கர்ப்பத்தின் மேல் பழி போடாமல் மூக்கின் பின்புறத்தை எண்டோஸ்கோப் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.