கல்யாணச் சோறு கொட்டிய பிறகு சாண எரிவாயு அடுப்பு பற்றாதது ஏன்?

கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து கேட்டிருக்கிறீர்கள்: நாளுக்கு 2 கன மீட்டர் கேஸ் தரும் கலன், தினம் 50 கிலோ சாணி, அதே அளவு தண்ணீர். விருந்தில் மிஞ்சிய 30 கிலோ சோற்றை ஒரே நாளில் கொட்டியிருக்கிறீர்கள். இரண்டு நாள் கேஸ் பொங்கி வந்தது. நாலாம் நாள் அழுத்தம் இருந்தும் தீ பற்றவில்லை. இது குழாய் அடைப்பு அல்ல. கலன் புளித்துவிட்டது.

சாணி மாட்டின் வயிற்றில் ஏற்கெனவே செரித்து, சத்தில் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டு வந்தது. 50 கிலோவில் திடப்பொருள் 9, 10 கிலோ இருக்கும்; அதில் பாதிகூட எளிதில் கரையாது. 30 கிலோ சோற்றிலும் ஏறக்குறைய அதே அளவு திடப்பொருள்தான், ஆனால் அத்தனையும் ஓரிரு நாளில் கரைந்துவிடும்.

உள்ளே இரண்டு நுண்ணுயிர்க் கூட்டம் வேலை செய்கிறது. ஒன்று மாவுச்சத்தை உடைத்து அமிலமாக்கும். சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும். இன்னொன்று அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் விடும். இரட்டிப்பாகப் பல நாள் எடுக்கும். தினசரி சாணியில் இரண்டும் ஈடுகொடுத்து ஓடும். சோறு விழுந்ததும் அமிலம் தேங்குகிறது. தேங்கிய அமிலம் மீத்தேன் கூட்டத்தை முடக்குகிறது. அது முடங்கினால் தின்ன ஆளில்லாமல் அமிலம் இன்னும் ஏறும். தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் இந்தச் சுழலுக்கு நேர்ப் பின்னூட்டம் என்று பெயர்.

இதற்குத் தடுப்பும் கலனுக்குள்ளேயே உண்டு. சாணிக் கரைசலில் கரைந்திருக்கும் பைகார்பனேட் அமிலத்தைச் சமன்செய்து கார்பன் டை ஆக்சைடாக வெளியேற்றும். முதல் இரண்டு நாள் நீங்கள் பார்த்த பொங்கலில் பெரும்பங்கு அதுதான், எரியாத வாயு. அதனால் அழுத்தத்தை நம்பாதீர்கள், தீயைப் பாருங்கள். மீத்தேன் 55, 60 சதவீதம் இருக்கும்வரை நீலமாக நிலைத்து எரியும். குறையக் குறையத் தீ பர்னரை விட்டு எழும்பும், ஊதினால் அணையும். அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் தாள் தாமதமாகத்தான் சொல்லும்: பைகார்பனேட் தீரும்வரை 7-ஐ ஒட்டியே நிற்கும், தீர்ந்ததும் சடசடவென்று 6-க்குக் கீழே இறங்கும். வெளித்தொட்டியில் புளிப்பு வாடை வந்தால் அந்தக் கட்டம்.

சரிசெய்ய முதலில் தீனியை நிறுத்துங்கள், குறைந்தது 5 நாள். எரியாத வாயுவை வெளியில், அடுப்புக்கும் பீடிக்கும் தூரமாகத் திறந்துவிடுங்கள். கலனுக்குள் மட்டும் யாரும் இறங்கக்கூடாது. நொடியில் மூச்சு முட்டும். ஊற்றியது 40 நாள் உள்ளே தங்கும்படி கட்டிய உங்கள் கலனில் 4000 லிட்டர் கரைசல் இருக்கும். அதற்குச் சமையல் சோடா தினம் 1 கிலோ, ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்து, 4 நாள். சுண்ணாம்பை அள்ளிக் கொட்டச் சொல்வார்கள், வேண்டாம்: அது கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக் கல்லாகப் படியும், கொஞ்சம் கூடினாலும் பிஎச் மறுபக்கம் எகிறும். பக்கத்துத் தோட்டத்தில் நன்றாக எரியும் கலன் இருந்தால் அதிலிருந்து 100, 200 லிட்டர் கரைசல் வாங்கி ஊற்றுங்கள். மெதுவாகப் பெருகும் அந்த மீத்தேன் கூட்டத்தை ஆயத்தமாகக் கொண்டுவரும் நல்ல வழி இது.

தீ மறுபடி நீலமானதும் தினம் 10 கிலோ சாணியில் தொடங்கி, வாரத்துக்கு 10 கிலோ கூட்டுங்கள். மார்கழிக் குளிரில் இன்னும் மெதுவாக; கரைசல் 20 டிகிரிக்குக் கீழே போனால் மீத்தேன் பக்கம்தான் முதலில் சோர்ந்துபோகும்.

சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவான திப்பியும் மரவள்ளித் தோலும் சோற்றைப் போலத்தான், புளிக்க வைக்கும். நாமக்கல் கோழி எரு இதற்கு நேர்மாறு, அமோனியா ஏறிக் கெடுக்கும். கட்டுத்தரை கழுவிய பினாயில் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போக வேண்டாம்.

இனி மிஞ்சிய சோறு வந்தால் நாளுக்கு 2 கிலோ, நன்றாகக் கரைத்து, சாணியோடு சேர்த்து ஊற்றுங்கள். மீதி மாட்டுத் தாழிக்கும் வேண்டாம், அதன் வயிறும் இதே மாதிரிப் புளிக்கும். எருக்குழியில் போடுங்கள்.