டேப்லெட் வாங்குவதற்கு முன்: அரசுப் பள்ளிகளில் கலப்புக் கற்றல் – கேள்வி பதில்

அரசுப் பள்ளிகளில் இணையவழிப் பாடத்தையும் நேரடி வகுப்பையும் கலந்து நடத்தத் திட்டமிடுகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பலர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

தலைமையாசிரியர் ஒருவர்: டேப்லெட் வாங்க நிதி ஒதுக்கியாகிவிட்டது. அடுத்த கல்வியாண்டில் கலப்புக் கற்றல் தொடங்க வேண்டும். எந்த மாடல் வாங்கலாம் ஐயா?

மாடலைக் கடைசியில் பார்ப்போம் சார். எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில், எந்தக் குறையைத் தீர்க்கப் போகிறீர்கள் என்று முதலில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். அது எழுத வரவில்லையென்றால் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

பெரு நாட்டில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு மடிக்கணினிகளை ஏராளமாகக் கொடுத்தார்கள். 319 பள்ளிகளை எடுத்து ஆராய்ந்தபோது, கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் தென்படவில்லை. கருவி போய்ச் சேர்ந்தது. எந்தப் பாடத்துக்கு அதை எப்படிப் பயன்படுத்துவது என்ற தெளிவான வழிகாட்டல் ஆசிரியர்களுக்குப் போகவில்லை. உருகுவேயும் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்த நாடுதான். ஆனால் அங்கே ஆங்கில ஆசிரியர்கள் போதவில்லை என்ற குறையைக் குறிவைத்து ஒரு திட்டம் போட்டார்கள். வாரத்தில் ஒரு வகுப்பை வேறு ஊரிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ ஓர் ஆசிரியர் வீடியோ வழியாக எடுப்பார். மற்ற வகுப்புகளில் பள்ளியின் வகுப்பாசிரியரே அதே பாடத்தைப் பயிற்சி கொடுத்துத் தொடர்வார். யார், எப்போது, என்ன செய்வது என்பது முன்பே முடிவாகியிருந்தது. உங்கள் திட்டத்திலும் அதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஆசிரியை ஒருவர்: என் வகுப்பில் 40 பேர். கருவி 14 தான் கிடைக்கும். இதை வைத்து என்ன செய்ய முடியும்?

தாராளமாகச் செய்யலாம் மேடம். ஆளுக்கு ஒன்று இருப்பதைவிட இது நல்லது என்றுகூடச் சொல்வேன். 40 பேரும் ஒரே நேரத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு அங்கே வேலை இல்லாமல் போய்விடும்.

வகுப்பை மூன்று குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழு கருவியில் பயிற்சி செய்யும். இன்னொன்று நோட்டில் எழுதியோ இருவர் இருவராகச் சேர்ந்தோ வேலை செய்யும். மூன்றாவது குழு உங்களோடு உட்காரும். பிறகு இடம் மாறுவார்கள். இந்த முறையின் உயிர் அந்த மூன்றாவது குழுவில் இருக்கிறது. 13, 14 பேர் எதிரில் இருக்கும்போது, யார் கழித்தலில் கடன் வாங்கத் தெரியாமல் நிற்கிறார், யார் வாய்க்குள் முணுமுணுத்து விடையைத் தப்பாகச் சொல்கிறார் என்பதெல்லாம் தெரியவரும்.

45 நிமிடப் பாடவேளையில் மூன்று சுற்றும் ஓடாது. மாறி உட்காரவே நேரம் போய்விடும். தலைமையாசிரியரிடம் பேசி, வாரத்தில் இரண்டு நாளாவது அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து வாங்குங்கள். 90 நிமிடம் கிடைத்தால் 25 நிமிடச் சுற்று மூன்று போக, இடம் மாறவும் முடிவில் எல்லோரும் சேர்ந்து பேசவும் 15 நிமிடம் மிஞ்சும். தொடக்கத்தில் சில வகுப்புகளைப் பாடத்துக்கு என்று எண்ணாமல், எழுந்து மாறுவது, கருவியைத் திருப்பி வைப்பது, சந்தேகம் வந்தால் உங்களிடம் ஓடிவராமல் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது ஆகியவற்றுக்கே கொடுத்துவிடுங்கள். வீணாகிறதே என்று தோன்றும், ஆனால் ஆண்டு முழுவதும் பலன் தரும்.

ஒரு தாய்: 9 வயது மகனை முழுநேர இணையவழிப் பள்ளியில் சேர்க்கலாமா?

உடல்நிலை போன்ற கட்டாயக் காரணம் இல்லையென்றால் வேண்டாம் அம்மா. அமெரிக்காவில் பொது நிதியில், ஆனால் தனி நிர்வாகத்தில் நடக்கும் பள்ளிகளைச் சார்ட்டர் பள்ளிகள் என்பார்கள். அவற்றில் இணையவழியில் நடப்பவற்றைப் பற்றி, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ மையம் 2015இல் ஆய்வு வெளியிட்டது. சாதாரண அரசுப் பள்ளிகளில் படிக்கும், அதே பின்னணி கொண்ட மாணவர்களோடு ஒப்பிட்டால், இணையவழிப் பள்ளிப் பிள்ளைகள் ஓராண்டில் வாசிப்பில் 72 பள்ளி நாட்களுக்கும் கணக்கில் 180 பள்ளி நாட்களுக்கும் சமமான அளவு பின்தங்கியிருந்தார்கள். அங்கே ஒரு பள்ளி ஆண்டே ஏறக்குறைய 180 நாள்தான்.

தானாக உட்கார்ந்து, தானாக நேரம் வகுத்துப் படிப்பது 9 வயதில் வராது. பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். அந்தப் பெரியவர் நீங்கள்தான் என்றால், உங்கள் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அதற்குப் போகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பள்ளியின் கணினிப் பொறுப்பாளர்: நெட் வேகம் எவ்வளவு வேண்டும்?

ஒரு மாணவர் சுமாரான தரத்தில் வீடியோ பார்க்க நொடிக்கு 1.5 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் 45. இரண்டு வகுப்பு என்றால் 90. இது காகிதக் கணக்குதான். ஒரே வைஃபை கருவியில் அத்தனை பேரும் இணைந்தால் அதற்கு முன்பே திணற ஆரம்பித்துவிடும்.

அதனால் பாடங்களைப் பள்ளிக்குள் ஒரு சிறிய சர்வரில் இறக்கி வைத்துவிடுங்கள். கோலிப்ரி என்ற இலவச மென்பொருள் இதற்காகவே உருவானது. உள்ளடக்கத்தை ஒருமுறை இறக்கினால் போதும், வெளி இணைப்பு அறுந்தாலும் வகுப்பு நடக்கும். மாணவர் எதுவரை முடித்தார் என்ற பதிவும் அதிலேயே இருக்கும். அப்புறம், கருவிகளை வைத்துப் பூட்டி, ஒரே நேரத்தில் சார்ஜ் ஏற்றும் அலமாரியைப் பட்ஜெட்டில் மறந்துவிடாதீர்கள்.

ஆசிரியர் ஒருவர்: மாணவர்களில் பாதிப் பேர் வீட்டில் நெட் இல்லை. அவர்களை என்ன செய்வது?

புதுப் பாடத்தை வீட்டு வீடியோவை நம்பி வைக்காதீர்கள். திரையில் செய்ய வேண்டியதைப் பள்ளி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள், வீட்டுக்குத் தாளும் புத்தகமும் போகட்டும்.

பள்ளி மூடியிருக்கும் காலத்துக்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 2020இல் போட்ஸ்வானாவில், சில குடும்பங்களுக்கு வாரந்தோறும் சில கணக்குகள் குறுஞ்செய்தியாகப் போயின. வேறு சிலருக்கு அதோடு, ஏறக்குறைய 20 நிமிடம் ஆசிரியர் தொலைபேசியிலும் பேசினார். குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் சொல்லும்படியான பலன் இல்லை. பேசிய வீடுகளில் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். சாதாரண பட்டன் போன் போதும். ஆனால் பேச ஓர் ஆள் வேண்டும். அந்த 20 நிமிடத்தை ஆசிரியரின் வேலை நேரமாகவே கணக்கில் எடுக்க வேண்டும்.

கல்வி அலுவலர் ஒருவர்: நேரடி வகுப்பைவிடக் கலப்புக் கற்றல் சிறந்தது என்று ஆய்வுகள் சொல்கின்றனவே?

பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து அமெரிக்கக் கல்வித் துறை 2010இல் வெளியிட்ட தொகுப்பாய்வு அப்படிச் சொன்னது உண்மை. கூடவே இரண்டு விஷயம் சொன்னது. கலப்பு முறையில் படித்தவர்களுக்குப் பெரும்பாலும் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்தன. பள்ளி மாணவர்களைப் பற்றிய ஆய்வுகள் அதில் மிகக் குறைவு. இந்த இரண்டையும் விட்டுவிட்டு முதல் வரியை மட்டும் திட்ட அறிக்கையில் போடாதீர்கள்.

மைண்ட்ஸ்பார்க் என்ற கற்றல் மென்பொருளைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வைப் படித்துப் பாருங்கள். டெல்லியில் நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் போக நடந்த மையங்களைப் பற்றியது. ஒவ்வொரு பிள்ளையும் எந்த நிலையில் நிற்கிறதோ அங்கிருந்து மென்பொருள் தொடங்கும், மீதி நேரத்தில் சிறு குழுவாக ஓர் ஆசிரியர் நடத்துவார். சுமார் நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். ஆறாம் வகுப்பில் இருந்துகொண்டு மூன்றாம் வகுப்புக் கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு வீடியோவைப் போட்டுக் காட்டி என்ன பயன்?

ஆசிரியர்கள் பலர்: வகுப்பில் இருப்பவர்களுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரே நேரத்தில் பாடம் எடுக்கச் சொல்கிறார்கள். முடியுமா?

ஒருவரால் முடியாது. கேமராவைக் கவனித்தால் வகுப்பு கையை விட்டுப் போகும், வகுப்பைக் கவனித்தால் வீட்டில் இருப்பவர்கள் வெறும் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். இரண்டாவது ஆசிரியரைக் கேளுங்கள். இல்லையென்றால் வீட்டில் இருப்பவர்களுக்கு வேறு நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

ஒரு தந்தை: செயலியில் மகளின் பிறந்த தேதி, புகைப்படம் எல்லாம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பள்ளியே ஒரு பயனர் எண் உருவாக்கித் தந்தால் போதும். கற்பதற்குப் புகைப்படம் தேவையில்லை. எந்தத் தகவல், எதற்கு, எப்போது அழிக்கப்படும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மாவட்டத் திட்ட ஒருங்கிணைப்பாளர்: சில பள்ளிகளில் முன்னோட்டம் நன்றாக நடந்தது. எல்லாப் பள்ளிகளுக்கும் விரிக்கலாமா?

முன்னோட்டத்தில் பாடம் எடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். ஆர்வத்தோடு தாமாக முன்வந்த ஆசிரியர்கள் என்றால், அடுத்த சுற்றில் முன்வராதவர்கள் இருக்கும் பள்ளிகளையும் சேருங்கள். எத்தனை பேர் உள்நுழைந்தார்கள் என்ற எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்காதீர்கள். திட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒரே தரத்தில், தாளில் ஒரு சிறு தேர்வு வையுங்கள். ஆசிரியர்களுக்கு வாரத்தில் ஒரு பாடவேளையை, மாணவர்களின் பயிற்சிப் பதிவைப் பார்த்து அடுத்த வாரக் குழுக்களைப் பிரிப்பதற்கென்றே அட்டவணையில் போட்டுக் கொடுங்கள். அந்தப் பாடவேளைக்கு இடம் இல்லாத பள்ளியை இந்த ஆண்டு சேர்க்க வேண்டாம்.