மியூர் வுட்ஸ் ரெட்வுட் காட்டுக்குச் செல்லும்முன் எதை அறிந்திருக்க வேண்டும்?

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கேயுள்ள இக்காட்டுக்குக் காரில் செல்வோர் வாகன நிறுத்தத்தை முன்பதிவு செய்தாக வேண்டும். அங்கே கைப்பேசி சிக்னல் கிடைக்காதென்பதால் சீட்டை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

250 அடிக்கு மேலும் உயரும் ரெட்வுட் எனும் இந்த ஊசியிலை மரங்களுக்கு ஆணிவேர் கிடையாது. ஆழமின்றிப் பக்கவாட்டில் பரவி, அண்டை மரங்களின் வேர்களோடு பின்னிக்கொள்ளும் வேர்களே அவற்றைத் தாங்குவதால், பலகைப் பாதையை விட்டிறங்கி மண்ணை மிதித்து இறுக்குவது, பல நூற்றாண்டுகள் வாழ்ந்த மரத்தின் மூச்சை அடைப்பதற்குச் சமம். மழையற்ற கோடையில் பசிபிக் கடலின் மூடுபனியை இலைகள் பிடித்துச் சொட்டுச் சொட்டாகத் தரையில் இறக்குகின்றன. ஆகவே ஜூலையிலும் குளிராடை தேவைப்படும்.

செல்வந்தரான வில்லியம் கென்ட்டும் அவர் மனைவி எலிசபெத்தும் இந்நிலத்தை வாங்கி அரசுக்குக் கொடையளித்ததால்தான் 1908இல் இது தேசிய நினைவுச்சின்னமாயிற்று. இல்லையேல் இங்கே கட்டத் திட்டமிட்டிருந்த அணையின் நீரில் காடு மூழ்கியிருக்கக்கூடும். காட்டினுள் இருக்கும் கதீட்ரல் குரோவ் என்னும் மரத்தோப்பில் சற்று நேரம் பேசாமல் நில்லுங்கள்.