யூனிபோமில் படம் கேட்கும் ‘அண்ணா’

கேள்வி: ரீச்சர், நாங்கள் மல்லாவி. கணவர் கட்டாரில். மகளுக்கு 14 வயது. அவளுடைய ரிக்ரொக் இன்பொக்ஸில் முன்பின் தெரியாத ஒருவன், ‘தங்கச்சி, ஸ்கூல் யூனிபோமில ஒரு படம் அனுப்பு, அண்ணாதானே’ என்று எழுதியிருந்தான். போனைப் பறித்து அலுமாரியில் பூட்டிவிட்டேன். அன்றிலிருந்து அவள் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. இவருக்குச் சொன்னால் போனை உடை என்பார். என்ன செய்ய?

பதில்: முதலில் அலுமாரியைத் திறவுங்கள். படிப்பித்த காலத்தில் காதல் கடிதத்தோடு பிடிபட்ட பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அடி வாங்கியவள் கடிதத்தை நிறுத்தவில்லை, இன்னும் நன்றாக ஒளிக்கப் பழகினாள். இப்படியானவன்களின் பலமே ‘அம்மாட்ட சொல்லுவன்’ என்ற மிரட்டல்தான். அம்மாவுக்கு எல்லாம் தெரியுமென்றால் அவன் எதை வைத்து மிரட்டுவான்?

முன்னால் இருத்தி விசாரிக்காதீர்கள். இரவுச் சமையலில் தேங்காய் துருவும்போது, ‘அவன் ஏன் யூனிபோம் கேட்டவன்?’ என்று மட்டும் கேளுங்கள். ரையையும் பட்ஜையும் பார்த்தால் பள்ளிக்கூடம் தெரியும். மல்லாவியில் பள்ளிக்கூடம் தெரிந்தவனுக்கு வீடு பிடிப்பது பெரிய வேலையா? அதை அவளே சொல்லட்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். ரிக்ரொக்கில் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இன்பொக்ஸில் செய்தி அனுப்பவோ வாங்கவோ விடமாட்டார்கள். மகளுக்கு வந்திருக்கிறதென்றால், வயதைக் கூட்டிக் கொடுத்துத்தான் ஐடி திறந்திருக்கிறது. அவனுடைய செய்தியையும் ஐடியையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிட்டு, ரிப்போர்ட் அடித்து, பிளொக் பண்ணச் சொல்லுங்கள். அப்புறம் அந்த ஐடியை மூடி, உண்மையான பிறந்த திகதியோடு புதிதாகத் திறக்கட்டும்.

உங்கள் பேஸ்புக்கையும் பாருங்கள். மகளின் சாமத்தியவீட்டு அல்பத்தை ஊர் பார்க்கப் போட்டுவிட்டு, அவளிடம் படம் போடாதே என்றால் கேட்பாளா? எங்கள் பக்கத்து அம்மாமார் பாதிப்பேர் இப்படித்தான்.

ஏற்கெனவே படம் போயிருந்தால் அடிக்காதீர்கள், காசும் கொடுக்காதீர்கள். இலங்கைத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள், கட்டணம் இல்லை.

கணவருக்கு நீங்களே சொல்லுங்கள், மகள் ரியூசனுக்குப் போன நேரமாகப் பார்த்து. ஐஎம்ஓ கோலில் அவர் போடும் சத்தம் அயல்வீடுவரை கேட்கும், அதையும் யோசியுங்கள்.