பேபல் போட்டும் ஐஈ 11ல பிளகின் லோடே ஆகலன்னா

புது ஜாவாஸ்கிரிப்டைப் பழசா மாத்துற பேபல் போட்டும், பழைய பிரவுசரான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் (ஐஈ) 11ல பிளகின் லோட் ஆகாம எரர் வருதுன்னு கேட்டிருந்தீங்க. பிரச்சனை உங்க கோட்ல இல்ல, ஃபைல்களை ஒண்ணாக் கட்டுற வெப்பேக் 5 தானா சேர்க்கிற கோட்லதான். வெப்பேக் கான்ஃபிக்ல இருக்கிற டார்கெட்ல 'வெப்', 'ஈஎஸ்5' (பழைய ஜாவாஸ்கிரிப்ட்) ரெண்டையும் குடுத்துட்டு மறுபடி பில்ட் பண்ணுங்க.

முதல் வரியிலயே சிண்டாக்ஸ் எரர்னு சொல்லியிருக்கீங்கல்ல, அதான் துப்பு. பில்ட் ஆன ஃபைலைத் திறந்து பாருங்க, (()=>{ இப்படித்தான் ஆரம்பிக்கும். பேபல் உங்க ஃபைலைத்தான் மாத்தும், இந்த வெளி உறையை வெப்பேக் கடைசில சுத்துது, ஐஈ 11க்கு ஏரோ ஃபங்ஷன்னா (=> போட்டு எழுதுற ஃபங்ஷன்) என்னன்னே தெரியாது, அதனால மொத்த ஸ்கிரிப்டையும் தூக்கிப் போட்டுரும். பாலிஃபில் (பிரவுசர்ல இல்லாத வசதியைச் சேக்கிற கோட்) எத்தனை சேத்தாலும் இது சரியாகாது, ஏன்னா பாலிஃபில் ஓடுறதுக்கு முன்னாடியே, கோடைப் படிச்சு பார்ஸ் பண்றப்பவே விழுந்துருது.

பிரவுசர் லிஸ்டை பேபல் கான்ஃபிக் உள்ள மட்டும் எழுதியிருக்கீங்கன்னு நினைக்கிறேன், வெப்பேக் அதை எட்டிக்கூடப் பாக்காது. டார்கெட் குடுக்கிறதுக்குப் பதிலா பேக்கேஜ் ஃபைல்ல (package.json) பிரவுசர்ஸ்லிஸ்ட்னு தனியா போட்டா ரெண்டுமே எடுத்துக்கும், எனக்கு இதுதான் பிடிச்ச வழி.

மாத்தினப்புறம் பில்ட்ல => னு தேடுங்க. இன்னும் வந்துச்சுன்னா நோட் மாட்யூல்ஸ்ல (வெளியில இருந்து இறக்கின லைப்ரரிகள் இருக்கிற ஃபோல்டர்) இருக்கிற ஏதோ ஒரு லைப்ரரிதான், வழக்கமா எல்லாரும் அந்த ஃபோல்டரை பேபல்ல எக்ஸ்க்ளூட் பண்ணி வச்சிருப்போம்ல, அந்த லைப்ரரிக்கு மட்டும் விலக்கை எடுத்துருங்க.

ஒண்ணு, லோட் ஆனதும் ஃபெட்ச் (சர்வர்ல இருந்து டேட்டா எடுக்கிற ஃபங்ஷன்) இல்லன்னு அடுத்த எரர் வரலாம். கோர்ஜேஎஸ்ங்கிற பாலிஃபில் தொகுப்புல பிராமிஸ் இருக்கு, ஃபெட்ச் கிடையாது, தனியா சேக்கணும். ஜாவாஸ்கிரிப்டோட பிராக்ஸி வசதியை நம்பின லைப்ரரின்னா (வியூ 3 மாதிரி) விட்டுருங்க, அதுக்கு முழுசா பாலிஃபில்லே இல்ல.