டானிக் கொடுத்தும் ரத்தம் ஊறவில்லையே?

கேள்வி: ஒன்பது வயதான என் மகளுக்கு ரத்தசோகை. நான்கு மாதங்களாக இரும்புச்சத்து டானிக் கொடுத்தும் ஹீமோகுளோபின் 9-லேயே நிற்கிறது. பூச்சி மாத்திரையும் கொடுத்தாயிற்று. வயிற்றில் கிருமி இருந்தால் ரத்தம் ஊறாது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. உண்மையா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: உண்மை உண்டு. ஆனால் அதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: டானிக் குடித்ததும் வாயின் துருச்சுவை போக மகள் எதைக் குடிக்கிறாள்? நம் மலையில் காலைக் குளிருக்குப் பிள்ளைகள் கையிலும் ஒரு தம்ளர் தேநீர் இருக்கும். தேயிலையில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் சேரவிடாது. ஆகவே டானிக்குக்கும் தேநீருக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விட்டு, டானிக்குடன் எலுமிச்சைச் சாறு கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

அப்படியும் ஏறாவிட்டால்தான் அக்கா சொன்ன கிருமியைத் தேட வேண்டும். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்த பாக்டீரியாவை 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் வளர்த்துக் காட்டினார்கள். 2005-ல் நோபல் பரிசும் பெற்றார்கள். பூச்சி மாத்திரைக்கு இது சாகாது. பெரும்பாலும் சிறுவயதில், வீட்டில் உள்ளவர்களிடமிருந்தே தொற்றுகிறது. பல குழந்தைகளுக்கு வயிற்றுவலிகூட இருக்காது. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பைக் கரைத்துத் தருபவை இரைப்பை அமிலமும் வைட்டமின் சி-யும்தான். கிருமியால் உண்டாகும் நாட்பட்ட அழற்சியில் இவ்விரண்டும் குறையக்கூடும் என்பதோடு, ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, இரும்பு குடலிலிருந்து ரத்தத்துக்குள் நுழையும் வழியையே அடைத்துவிடவும் கூடும்.

தலசீமியா, அரிவாள் செல் சோகை போன்ற பரம்பரைக் கோளாறுகள் இல்லை என்று பார்த்த பிறகே குழந்தைகள் நல மருத்துவர் இந்தப் பரிசோதனைக்கு வருவார். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். பழைய தொற்றையும் இப்போதைய தொற்றையும் அது பிரித்துக் காட்டாது. குழந்தைகளுக்குப் பொதுவாக எண்டோஸ்கோப்பியில் இரைப்பைத் திசு எடுத்து உறுதிசெய்வார்கள். சிகிச்சை வழக்கமாக 14 நாள். அமிலம் குறைக்கும் மருந்துடன் இரண்டு ஆன்டிபயாடிக் இருக்கும். கிருமி போனதும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஹீமோகுளோபின் ஏறிவிடுவதில்லை; ஆய்வு முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. எனவே டானிக்கை நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று: மலை உயரத்தில் வாழ்பவர்களுக்கு ஹீமோகுளோபின் இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். கோத்தகிரியில் 9 என்பது சமவெளியின் 9-ஐவிடக் குறைவு. அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடாமல் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.